நன்றி நவில்கிறோம்

லண்டனில் காலமான எங்கள் அண்ணனின் அந்தியேட்டி கீரிமலையில் நடந்து முடிந்தது. வந்தவர்களுக்கும், போனில் கதைத்து ஆறுதல் சொன்னவர்களுக்கும், சமையலுக்குக் கிடாரம் தந்த ஒழுங்கைக்காரருக்கும் நன்றி. முகம் தெரியாத சிலருக்கும் சொல்ல வேண்டியிருக்கிறது.

பெருங்குடல் புற்றுநோய்க்கு இருந்த மருந்தெல்லாம் கைவிட்ட பிறகு, அண்ணன் ஒரு புது மருந்தின் முதற்கட்டப் பரிசோதனையில் சேர்ந்தார். “சோதனை எலியாகப் போறாரோ?” என்று இங்கே பலர் கேட்டார்கள். நானும்தான் கேட்டேன். தெல்லிப்பழை புற்றுநோய் வைத்தியசாலையில் தாதியாக இருக்கும் பக்கத்து வீட்டுத் தங்கச்சி எங்கள் குசினியில் இருந்து, தேத்தண்ணி ஆறும் மட்டும் விளங்கப்படுத்தினார். முதற்கட்டத்தில் முக்கியமாகப் பார்ப்பது நோய் மாறுமா என்பதை அல்ல, எவ்வளவு கொடுத்தால் உடம்பு தாங்கும் என்பதை. மூன்று பேருக்குக் குறைந்த அளவில் தொடங்குவார்கள். முதல் சில வாரங்களில் ஒருவருக்கும் கடும் பாதிப்பு இல்லையென்றால் அடுத்த மூவருக்குக் கூட்டுவார்கள். ஒருவருக்கு வந்தால் அதே அளவில் இன்னும் மூவர். ஆறில் இருவருக்கு வந்தால் அந்த அளவு சரிவராது, ஒரு படி இறங்க வேண்டும். “வேற முறைகளும் இருக்கு அக்கா, அண்ணாக்கு நடக்கிறது இதுதான்” என்றார்.

அண்ணன் நாலாவது படியில், பின்னால் சேர்த்த மூவரில் ஒருவர். அப்படியென்றால் அவருக்கு முன்னே குறைந்தது 12 பேர். கீழ்ப்படியில் இருந்தவர்கள், அந்தச் சிறிய அளவு தங்களுக்கு ஒன்றும் செய்யாமலே போகலாம் என்று தெரிந்து குடித்தவர்கள். நாலாவது படியில் முதல் மூவரில் ஒருவருக்கு, இரத்தத்தை உறைய வைக்கும் சிறுதட்டுகள் மோசமாகக் குறைந்தன. அதனால்தான் அண்ணனுக்கு வாரம் இருமுறை இரத்தம் பார்த்தார்கள். அவருக்கும் குறைந்தபோது அன்றே மருந்தை நிறுத்த முடிந்தது. அந்த மனிதருக்கு எப்படி நன்றி சொல்வது? பெயர் கேட்டால் சொல்ல மாட்டார்கள், அதுவும் சரிதான். 1942இல் யேல் பல்கலைக்கழகத்தில் நைதரசன் மஸ்டர்ட் என்ற மருந்து ஏற்றப்பட்ட முதல் புற்றுநோயாளியும் வெறும் ‘ஜே.டி.’தான்.

ஆறில் இரண்டாமவர் அண்ணன். “கணக்கை நான்தான் முடிச்சு வைச்சனான்” என்று வீடியோவில் சிரித்தார். பிறகு குறைந்த அளவில் தொடர்ந்தார்கள். எட்டாம் வார ஸ்கானில் கட்டி வளரவில்லை, பதினாறாம் வாரத்தில் வளர்ந்திருந்தது.

“இது உங்களைக் குணப்படுத்தும் என்று நினைத்துச் சேராதீர்கள்” என்று முதல் நாளே முகத்துக்கு நேரே சொன்ன ஆராய்ச்சித் தாதிக்கும், சம்மதப் படிவத்தை வரிவரியாகத் தமிழில் வாசித்துக் காட்டிய மருமகளுக்கும், காலையிலிருந்து பின்னேரம் வரை மணித்தியாலக் கணக்கில் இரத்தம் எடுத்த நாட்களில் கடையைப் பூட்டிவிட்டுக் கூடவே இருந்த மச்சாளின் தமையனுக்கும் நன்றி.

கிடாரத்தை வெள்ளிக்கிழமை கொண்டுவந்து தருகிறோம்.

இங்ஙனம்,
குடும்பத்தினர் சார்பில் தங்கை,
கொக்குவில்.