ஓஎஸ் போடுவதா, வேண்டாமா?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். புதுக் கருவி ஒன்றைப் பற்றிப் பேச வரும்போது உங்களில் பலர் முதலில் கேட்பது, "இதில் எந்த ஓஎஸ் போடுவீர்கள்?" என்பதைத்தான். ஓஎஸ் என்றால் சிப்பின் நேரத்தையும் நினைவகத்தையும் வேலைகளுக்குப் பங்கிட்டுத் தரும் இயங்குதளம். "இதற்கு ஓஎஸ்ஸே தேவையில்லை" என்று நாங்கள் சொன்னால், ஏதோ தரம் குறைந்ததைத் தருகிறோமோ என்று சிலருக்குச் சந்தேகம் வருகிறது. அது நியாயமான சந்தேகம்தான். அதனால் நாங்கள் எப்படி முடிவெடுக்கிறோம் என்று எழுதிவிடுகிறோம்.

தண்ணீர் மீட்டர் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். குழாய்க்குள் சுழலும் சக்கரம் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு பல்ஸ் (மின்துடிப்பு) அனுப்பும். அதை எண்ண வேண்டும், திரையில் காட்ட வேண்டும், பட்டனைக் கவனிக்க வேண்டும். அவ்வளவுதான். பல்ஸை சிப்பில் இருக்கும் கவுன்ட்டரே எண்ணிக்கொள்ளும். மற்ற இரண்டையும் ஒரே லூப் (திரும்பத் திரும்ப ஓடும் நிரல்) மாறி மாறிப் பார்த்துக்கொள்ளும். வேலை இல்லாதபோது சிப் தூங்கும், பேட்டரி நீடிக்கும். இங்கே ஓஎஸ் வைத்தால் இடம்தான் அடைபடும். ஏடிமெகா328பி சிப்பில் ரேம் மொத்தமே 2 கிலோபைட். இந்த மாதிரிச் சின்னச் சிப்புகளில் போடுவது ஆர்டிஓஎஸ், அதாவது குறித்த நேரத்துக்குள் வேலை நடக்க உதவும் ரியல்-டைம் ஓஎஸ். அதில் பொதுவாக ஒவ்வொரு டாஸ்க்குக்கும் (தனியாக ஓடும் வேலைக்கும்) தனி ஸ்டாக் (அந்த வேலையின் தற்காலிகக் கணக்குகளுக்கான ரேம் பகுதி) ஒதுக்க வேண்டும். நான்கு டாஸ்க்குகளுக்குத் தலா 512 பைட் கொடுத்தாலே ரேம் தீர்ந்துவிடும்.

சரி, அதே மீட்டர் வைஃபையில் கணக்கு அனுப்ப வேண்டும், கசிவு தெரிந்தால் உடனே வால்வை மூட வேண்டும் என்கிறீர்கள். இப்போது கதையே வேறு. சர்வரோடு பாதுகாப்பான இணைப்பு ஏற்படுத்த ஒரு சின்ன சிப்புக்குச் சில நொடிகள்கூட ஆகலாம். அத்தனை நேரமும் வால்வு காத்திருக்கக் கூடாது. ஒரே லூப்பில் எழுதினால் அந்த வேலையைத் துண்டு துண்டாக நறுக்கி, எங்கே விட்டோம் என்று நாங்களே கணக்கு வைத்துக்கொள்ள வேண்டும். ஆர்டிஓஎஸ் இருந்தால், வால்வு டாஸ்க்குக்கு அதிக முன்னுரிமை கொடுத்தால் போதும். கசிவு சிக்னல் வந்ததும் நெட்வொர்க் வேலை பாதியில் நின்று வழிவிடும். ஃப்ரீஆர்டிஓஎஸ் என்ற ஆர்டிஓஎஸ்ஸுக்கு லைசென்ஸ் கட்டணமும் கிடையாது. இஎஸ்பி32 சிப்பைத் தேர்ந்தெடுத்தால், அதன் தயாரிப்பாளர் தரும் ஐடிஎஃப் மென்பொருளே ஃப்ரீஆர்டிஓஎஸ் மேல்தான் நிற்கிறது.

ஆனால் ஓஎஸ் வந்தால் கூடவே புதுவிதத் தவறுகளும் வரும். எங்கள் கருவி ஒன்று சில நாட்களுக்கு ஒருமுறை தானாக ரீஸ்டார்ட் ஆனது. ஒரு டாஸ்க்குக்கு நாங்கள் கொடுத்த ஸ்டாக் போதவில்லை. பிழைச் செய்தி எழுதும்போது மட்டும் அது நிரம்பி வழிந்தது. கண்டுபிடிக்க இரண்டு வாரம் ஆனது. அன்றிலிருந்து ஒவ்வொரு ஸ்டாக்கிலும் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று அளந்து பார்க்காமல் எதையும் அனுப்புவதில்லை. 1997-இல் செவ்வாயில் இறங்கிய நாசாவின் பாத்ஃபைண்டர் விண்கலம்கூட மீண்டும் மீண்டும் ரீசெட் ஆனது. தாழ்ந்த முன்னுரிமை டாஸ்க் ஒன்று பிடித்து வைத்திருந்த பூட்டுக்காக (பொதுவான ஒன்றை ஒரு நேரத்தில் ஒரு டாஸ்க் மட்டும் பயன்படுத்த வைக்கும் ஏற்பாடு) உயர்ந்த முன்னுரிமை டாஸ்க் காத்துக் கிடந்ததுதான் காரணம். பூமியிலிருந்தே அதைச் சரிசெய்தார்கள்.

கேமரா, பெரிய தொடுதிரை என்று வந்தால் லினக்ஸ் பக்கம் போவோம். அதற்கு ரேம் மெகாபைட் கணக்கில் வேண்டும், ஆன் ஆகச் சில நொடிகள் பிடிக்கும். கருவி உழைக்கும் காலம் முழுக்கப் பாதுகாப்பு அப்டேட்டும் தந்தாக வேண்டும். அந்தச் செலவை ஆரம்பத்திலேயே கணக்கில் சேருங்கள்.

அடுத்த முறை விவரம் அனுப்பும்போது சிப் பெயர், ஓஎஸ் பெயர் எதுவும் வேண்டாம். கருவி ஒரே நேரத்தில் என்னென்ன செய்ய வேண்டும், ஒவ்வொன்றும் எத்தனை மில்லிநொடி தாமதத்தைத் தாங்கும், அடுத்த இரண்டு வருடத்தில் எதைச் சேர்க்க நினைக்கிறீர்கள் என்று மட்டும் எழுதி அனுப்புங்கள். அதைப் பார்த்துவிட்டு, ஏன் வேண்டும், ஏன் வேண்டாம் என்று காரணத்தோடு பதில் எழுதுகிறோம்.

அன்புடன்,
வடிவமைப்புக் குழு