போச்சியா பயிற்சி முகாமுக்குத் தோள்கொடுத்தவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

மாற்றுத்திறனாளிகளும் மற்றவர்களும் ஒரே களத்தில் ஆடும் விளையாட்டுகளை நடத்தித்தரத் தன்னார்வலர்களைப் பழக்கும் முகாம் நல்லபடியாக முடிந்தது. உதவியவர்களில் பலர் பெயர் போடவே கூடாது என்று சொல்லிவிட்டதால், அவர்கள் செய்த வேலையைச் சொல்லி நன்றி கூறுகிறோம்.

கூடத்தைத் திறந்துவிட்ட தலைமையாசிரியருக்கு முதல் நன்றி. வெள்ளைப் பந்துக்கு யார் பந்து மிக அருகில் போய் நிற்கிறது என்று பார்க்கும் ஆட்டம் போச்சியா. அதன் களத்துக்கு 12.5 மீட்டர் நீளமும் 6 மீட்டர் அகலமும் வேண்டும். எறியும் கட்டங்களுக்குப் பின்னால் சக்கர நாற்காலி திரும்ப இன்னும் ஒன்றரை மீட்டராவது விட வேண்டும். வாசலில் இருந்த அரை அடிப் படிக்கு ஆறடி நீளத்தில் சாய்தளம் அடித்துத் தந்தார் தச்சர். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது கணக்கு. இரண்டடிப் பலகையைச் சாய்த்துவிட்டு 'சாய்தளம் இருக்கிறது' என்பவர்கள், அதில் ஒருமுறை நாற்காலியில் உட்கார்ந்து ஏறிப் பார்க்கட்டும்.

பந்து தைத்துத் தந்த தையல் அக்காவுக்கு எவ்வளவு சொன்னாலும் தகும். ஒரு பந்து 275 கிராம், பன்னிரண்டு கிராம் கூடலாம், குறையலாம். சுற்றளவு 27 சென்டிமீட்டர். உள்ளே பிளாஸ்டிக் குருணை. அரிசி, பயறு போட்டால் எடை வரும். பின்னாலேயே வண்டும் வரும். குருணையை முதலில் துணிப்பையில் கட்டி, அதன்மேல் ரெக்சின் போட்டு இரட்டைத் தையல் அடித்தார். குருணை குறைந்தால் பந்து விழுந்த இடத்திலேயே சப்பென்று உட்கார்ந்துவிடும்; இறுக அடைத்தால் வெள்ளைப் பந்தைத் தாண்டி ஓடும். ஒவ்வொன்றையும் தராசில் வைத்துப் பார்த்துத்தான் வாயைத் தைத்தார்.

கையால் எறிய முடியாதவர்கள் பந்தை உருட்டிவிடும் சரிவான ரேம்பைச் செய்து தந்தவர் குழாய் வேலை பார்க்கும் அண்ணன். 110 மி.மீ. பிவிசி குழாயை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்தால் போதும். 90-இல் பந்து சிக்கிக்கொள்ளும். அறுத்த விளிம்பு கையைக் கிழிக்கும் என்பதால் அரம் போட்டு, உப்புத்தாள் தேய்த்தார். அடிமுனை தரையிலிருந்து தூக்கி நின்றால் பந்து குதித்துத் திசை மாறும். அதற்காக முனையைச் சூடுகாட்டி வளைத்துத் தரையோடு படிய வைத்தார்.

அந்த ரேம்பைப் பிடித்து நிற்கும் உதவியாளர் களத்துக்கு முதுகு காட்டித்தான் இருக்க வேண்டும். திரும்பிப் பார்க்கவோ யோசனை சொல்லவோ கூடாது. இது சர்வதேச விதி. 'கொஞ்சம் இடது', 'இன்னும் மேலே' என்று ஆடுபவர் காட்டும்படி நகர்த்துவது மட்டுமே அவர் வேலை. தன்னார்வலர்களுக்கு இதுதான் பெரும்பாடு. கை தானாகக் குறியைத் திருத்தப் போகும். அப்புறம் அது உதவியாளரின் ஆட்டமாகிவிடும். முகாமுக்கு வந்த பெருமூளை வாத வீரர்கள் சலிக்காமல் "திரும்பாதீங்க" என்று சொல்லிச் சொல்லியே இவர்களைப் பழக்கினார்கள். பிள்ளைக்குப் பதிலாகத் தாங்களே குறி சொல்லாமல் வரிசைக்கு வெளியே அமர்ந்திருந்த பெற்றோருக்கும் நன்றி. அது எளிதல்ல.

வெளிச்சத்துக்கு முதுகு காட்டி நின்றால் கைகளும் முகமும் நிழலாகிவிடும் என்று சொல்லி, பயிற்சியாளர்களை இடம் மாற்றி நிறுத்தியவர் சைகை மொழிபெயர்ப்பாளர். விசிலுக்குப் பதில் கொடி என்பதும் அவர் யோசனையே.

பார்வையற்றோர் பந்தின் மணியோசை கேட்டு ஆடும் கோல்பாலுக்கு, கோடு தடவினால் தெரியும்படி நாடாவின் அடியில் சணல் கயிறு வைத்த என்.எஸ்.எஸ். மாணவர்களே, தரையை ஈரத்துணியால் துடைத்துக் காயவிட்டு ஒட்டினீர்களே, அதனால்தான் அது கடைசிவரை பெயரவில்லை. மணிப்பந்து போதாதபோது பழைய கூடைப்பந்தைச் சரசரக்கும் பிளாஸ்டிக் பையில் சுற்றிச் சமாளித்தோம். (தடை வந்தபின் அந்தப் பைக்கு அலைந்த அலைச்சல் தனிக்கதை.) பந்துச் சத்தம் கேட்க மின்விசிறியை நிறுத்தியதும் வேர்த்து வழிந்தவர்களுக்கு மோர் கொண்டுவந்த டீக்கடை அண்ணாச்சிக்கும் நன்றி.

ரேம்பும் பந்துகளும் பள்ளியின் விளையாட்டு அறையில் இருக்கின்றன. வேண்டுவோர் உடற்கல்வி ஆசிரியரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். வெயிலில் போட்டுவிடாதீர்கள், ரெக்சின் வெடித்துவிடும். திருப்பித் தரும்போது எண்ணிக் கொடுங்கள்: சிவப்பு ஆறு, நீலம் ஆறு, வெள்ளை ஒன்று.

நன்றியுடன்,
முகாம் ஏற்பாட்டுக் குழுவினர்