செல்வத்துக்கு

அன்புள்ள செல்வம்,

மகளுக்கு வரன் அமைந்த செய்தியை வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். தை மாதம் என்றால் நாங்கள் நான்கு நாள் முன்பே வந்துவிடுவோம். எனக்குக் கண்புரை அறுவை நல்லபடி முடிந்தது. சில வாரம் படிக்க வேண்டாம் என்றார்கள். அதனால் நாள் முழுக்கப் பாட்டுதான், அதுவும் வியன்னா இசையமைப்பாளன் ஷூபர்ட்டின் பாட்டுகள்.

ஆபராவும் இதுவும் ஒன்றுதானே என்று முன்பு கேட்டிருந்தாய். இல்லை. ஆபராவுக்கு மேடையும் வேடமும் பெரிய வாத்தியக் குழுவும் வேண்டும். ஜெர்மன்காரர்கள் ‘லீட்’ என்று சொல்லும் இதற்கு ஒரு குரலும் ஒரு பியானோவும் போதும். வியன்னாவில் நண்பர்கள் வீட்டுக் கூடத்தில் சுற்றி உட்கார்ந்து கேட்டது. நாட்டுப்பாட்டின் எளிமை அடியில் ஓடும். ஆனால் சொல் கதே, ஹைனே போன்ற கவிஞர்களுடையது.

பியானோவைப் பக்கவாத்தியம் என்று நினைத்துக் கேட்டால் பாதி போய்விடும். 1814 அக்டோபர் 19 அன்று, 17 வயதில், கதேயின் ‘ஃபாஸ்ட்’ நாடகத்திலிருந்து ஒரு பாட்டுக்கு ஷூபர்ட் இசை எழுதினான். நாடகத்தில் வரும் கிரெட்சென் என்ற பெண் ராட்டையில் நூற்றபடி காதலனை நினைக்கிறாள். பியானோவில் வலது கை ராட்டையாகச் சுழல்கிறது. அவன் முத்தம் என்ற இடம் வந்ததும் ராட்டை நின்றுவிடுகிறது! பிறகு தயங்கித் தயங்கி மறுபடி சுற்றத் தொடங்குகிறது. ராட்டை நின்றதாகக் கவிதையில் ஒரு சொல்லும் இல்லை, செல்வம். அவள் கை மறந்துபோனதை அந்தப் பையன்தான் கண்டிருக்கிறான்.

1816-இல் நண்பர்கள் அவன் பாட்டுகளைக் கதேக்கு அனுப்பினார்கள். பதில் இல்லாமல் திரும்பி வந்தன. எல்லாச் சரணத்துக்கும் ஒரே மெட்டு, கவிதையை மீறாத இசை, இதுதான் கதேக்குப் பிடித்தது. கவிஞருடைய கவலை எனக்குப் புரிகிறது. இருந்தாலும் நான் பையன் பக்கம்தான்.

அப்புறம், 1827-இல் எழுதிய ‘குளிர்காலப் பயணம்’. வில்ஹெல்ம் முல்லரின் கவிதைகள், 24 பாட்டு. கடைசிப் பாட்டில் ஊருக்கு வெளியே ஒரு கிழவன், பனிக்கட்டி மேல் வெறுங்காலோடு, கைப்பிடியைச் சுற்றி ஒரு வாத்தியம் வாசிக்கிறான். தட்டில் காசில்லை. கேட்க ஆளில்லை, நாய்கள் உறுமுகின்றன. பியானோவின் இடது கையில் தொடக்கம் முதல் முடிவு வரை சட்ஜமமும் பஞ்சமமும் மட்டும், தம்புரா மாதிரி. உன்னோடு வரட்டுமா, என் பாட்டுக்கு வாசிப்பாயா என்று, பாடுகிற பயணி கிழவனிடம் கேட்பதோடு முடிந்துவிடுகிறது. மறு வருடம் ஷூபர்ட் இறந்தான், 31 வயதில்.

கண்ணில் கட்டோடு இருட்டில் படுத்து அதைக் கேட்ட இரவு வெகுநேரம் தூக்கம் வரவில்லை. உன்னோடு சேர்ந்து கேட்க வேண்டும். கல்யாணத்துக்கு வரும்போது கொண்டு வருகிறேன். கூட்டம் சேரும் முன் ஒரு விடியற்காலை உன் வீட்டு மாடியில் உட்காருவோம். முகூர்த்தத் தேதி முடிவானதும் எழுது, டிக்கெட் போட வேண்டும்.

உன்,
ராமு