ஆணி அடிப்பதற்கு முன்னால்

அன்புள்ள பாப்பாவுக்கு,

சென்னையில் நீங்கள் பார்த்திருக்கும் வாடகை வீட்டின் அக்ரிமெண்ட் போட்டோவை அப்பா போனில் பெரிசு பண்ணிப் பெரிசு பண்ணிப் பார்த்தார். வாடகை வேண்டாம், ஒன்பது லட்சம் கொடுத்து லீசுக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று ஓனர் சொன்னதையும் சொன்னேன். "எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்று என்னிடம் நீட்டிவிட்டார். எனக்கு அப்படிப் படவில்லை. போனில் சொன்னால் ஆபீஸ் அவசரத்தில் "சரிம்மா, சரிம்மா" என்பாய். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். மாப்பிள்ளையும் படிக்கட்டும்.

கல்யாணமாகி 19 வருஷம் அடுத்தவர் வீட்டில் குடியிருந்தோம். இப்போது 11 வருஷமாக மாடியில் ஆள் குடிவைத்திருக்கிறோம். இரண்டு பக்கமும் குட்டுப்பட்டவள் நான்.

நீ பிறந்த ஸ்ரீரங்கத்து வீடு உனக்கு ஞாபகம் இருக்காது. காலி பண்ணும்போது உனக்கு மூன்று வயசு. சாமானெல்லாம் வண்டியில் ஏறிவிட்டது. வீட்டுக்காரர் கையில் டார்ச்சோடு வந்தார். பகல் பதினோரு மணிக்கு டார்ச்! சுவர் சுவராக வெளிச்சம் அடித்து ஆணி ஓட்டைகளை எண்ணினார். மொத்தம் 23. காலண்டர் ஆணியும் கண்ணாடி மாட்டிய ஆணியும் நாங்கள் அடித்ததுதான். பாதிக்கு மேல் நாங்கள் வருவதற்கு முன்பே இருந்தவை. அதை எப்படி நிரூபிப்பது? 15,000 அட்வான்ஸில் 4,000 பிடித்துக்கொண்டார். அப்பாவின் அன்றைய சம்பளத்தில் பாதிக்கு மேல் அது. வண்டியில் ஏறும்வரை அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை.

அதனால் சாவி வாங்கும் அன்றைக்கு, ஒரு பாத்திரம்கூட உள்ளே போவதற்கு முன்னால், வீடு முழுக்க வீடியோ எடுத்துவிடு. சுவர், சீலிங்கில் ஈரக்கறை, விரிசல் விட்ட டைல்ஸ், இறுக்கமான தாழ்ப்பாள், ஃபேன் எத்தனை, கீசர் ஓடுகிறதா, ஈ.பி. மீட்டரில் ரீடிங் என்ன, எல்லாம். "சார், இன்றைக்கு வீட்டை இந்த நிலையில் எடுத்துக்கொண்டோம்" என்று ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பு. அவர் ஒரு கட்டைவிரல் போட்டால் போதும். எங்கள் மாடிக்கு வருகிறவர்களிடம் நானே எடுக்கச் சொல்கிறேன். எனக்கும் அதில் பாதுகாப்பு இருக்கிறது.

அடுத்தது அட்வான்ஸ். வாடகை 18,000, அட்வான்ஸ் 1,80,000 என்று போட்டிருக்கிறார். சென்னையில் பத்து மாசம் என்பது பழகிப்போன கணக்கு. ஆனால் தமிழ்நாட்டில் 2017-ல் போட்ட வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியிலிருந்து அமலில் இருக்கிறது. அது மூன்று மாச வாடகைக்கு மேல் வாங்கக்கூடாது என்கிறது, இருவரும் வேறு மாதிரி ஒத்துக்கொண்டால் தவிர. அந்த "தவிர" என்ற சந்தில்தான் பத்து மாசம் இன்னும் ஓடுகிறது. நீ சட்டம் பேசிக்கொண்டு போகாதே, ஆறு மாசம் தருகிறோம் என்று தன்மையாகக் கேள். ஒன்றை மட்டும் விடாதே. "அடுத்த வாடகைதாரர் வந்த பிறகு அட்வான்ஸ் திருப்பித் தரப்படும்" என்று கடைசிப் பக்கத்தில் ஒரு வரி இருக்கிறதே, அதை அடிக்கச் சொல். காலி செய்த ஒரு மாசத்துக்குள், பாக்கி இருந்தால் கழித்துக்கொண்டு, திருப்பித் தர வேண்டும் என்பதுதான் சட்டம். அடுத்தவர் ஆறு மாசம் வராவிட்டால் நீ ஆறு மாசம் காத்திருப்பாயா?

பதினோரு மாசம்தான், பதிய வேண்டாம் என்று புரோக்கர் சொன்னாராமே. ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பத்திரப்பதிவு செய்ய வேண்டும் என்பதால் வந்த வழக்கம் அந்தப் பதினொன்று. இந்தப் புதுச் சட்டத்தில் எத்தனை மாசமானாலும் எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் பதியவும் வேண்டும். அரசின் இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம். எங்கள் மாடிக்கு அப்பா அப்படித்தான் செய்தார். ஒரு சாயங்காலம் முழுக்க ஸ்கேனரோடு சண்டை போட்டார், அவ்வளவுதான்.

"அனைத்துப் பழுதுகளும் வாடகைதாரர் பொறுப்பு" என்பதும் வேண்டாம். சட்டத்தின் பட்டியலே நியாயமாகத்தான் இருக்கிறது. கட்டட ரிப்பேர், வெள்ளையடிப்பது, தண்ணீர்ப் பைப் மாற்றுவது, வயரிங் இதெல்லாம் ஓனர் பாடு. குழாய் வாஷர், சுவிட்ச், பூட்டு, சாக்கடை அடைப்பு, உடைந்த ஜன்னல் கண்ணாடி, கீசர் ரிப்பேர் இதெல்லாம் குடியிருப்பவர் பாடு. அப்படியே எழுதச் சொல். குழாய் சொட்டுகிறது என்று ஓனருக்கு ராத்திரி பத்து மணிக்குப் போன் பண்ணாதே. எனக்கு அப்படி வந்திருக்கிறது, அந்த எரிச்சல் எனக்குத் தெரியும்.

கரண்டுக்கு உனக்குத் தனி மீட்டரா, சப் மீட்டரா என்று கேட்டாயா? தனி இணைப்பு என்றால் இரண்டு மாச பில்லில் முதல் 100 யூனிட் இலவசம் உனக்கே வரும். ஓனர் தன் இணைப்பிலிருந்தே கரண்டு தந்து, சப் மீட்டர் வைத்து "யூனிட்டுக்கு ஒன்பது ரூபாய்" என்றால் அந்த இலவசம் அவரோடு நின்றுவிடும். மெயின்டெனன்ஸில் தண்ணீர் லாரிக் காசு சேர்த்தியா என்பதையும் கேள். மே மாசத்தில்தான் அந்தக் கேள்வியின் அருமை தெரியும்.

சொல்ல வெட்கமான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நாம் குடிவைத்த முதல் குடும்பம் இரண்டு மாசம் வாடகை தரவில்லை. அந்தத் தம்பிக்கு வேலை போய்விட்டது என்று எனக்கு அப்போது தெரியாது. மூன்றாவது மாசம் ஒருநாள் காலையில் நான் மோட்டார் போடவில்லை. மாடி டேங்க் காலி. அந்தப் பெண் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு காலி பக்கெட்டோடு இறங்கி வந்து, "அக்கா, மோட்டார் ரிப்பேரா?" என்று கேட்டாள். ஆமாம் என்று பொய் சொன்னேன். சாயங்காலம் அப்பாவுக்குத் தெரிந்து என்னை ஒரு பிடி பிடித்தார். வாடகை பாக்கி என்றாலும் தண்ணீரையோ கரண்டையோ நிறுத்த ஓனருக்கு உரிமை கிடையாது. நிறுத்தினால் வாடகை அதிகாரியிடம் புகார் கொடுக்கலாம். உன் ஓனர் என்னைப் போல் புத்திகெட்டு நடந்தால் உனக்குத் தெரிந்திருக்கட்டும். உங்களுக்கே ஒரு மாசம் இழுத்தால், அவர் கேட்பதற்கு முன்னால் நீ போய்ச் சொல்லிவிடு. அந்தத் தம்பி முதலிலேயே சொல்லியிருந்தால் நான் மோட்டாரில் கை வைத்திருக்கமாட்டேன் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

இப்போது அந்த ஒன்பது லட்சத்துக்கு வருகிறேன். "வாடகையே வேண்டாம், லீசுக்கு எடுத்துக்கோங்க, மூணு வருஷம் கழிச்சு முழுசாத் திருப்பித் தரேன்" என்றால் கேட்க இனிப்பாகத்தான் இருக்கும். மாசம் 18,000 மிச்சம் என்று மாப்பிள்ளை கணக்குப் போட்டிருப்பார். நம் ஊர்ப் பக்கம் இதையே ஒத்தி என்பார்கள், உங்கள் பக்கம் போக்கியம். ஆனால் வீட்டுக்காரருக்கு ஏன் மொத்தமாக ஒன்பது லட்சம் தேவைப்படுகிறது? அதை யோசித்தீர்களா? வீட்டின் மேல் பேங்க் கடன் இருந்து அவர் தவணை கட்டாமல் விட்டால், பேங்க் வீட்டை ஏலத்துக்குக் கொண்டுபோகும். பதியாமல் வெறும் பத்திரத்தாளில் நோட்டரி சீல் வாங்கியவர்கள் வாசலில் நிற்பார்கள். இன்னொரு தினுசும் உண்டு. நடுவில் ஒருத்தன் ஓனரிடம் மாச வாடகைக்கு எடுத்து, உங்களைப் போன்றவர்களிடம் லீசுக்கு விட்டுவிட்டு, நாலு மாசம் வாடகை கட்டிவிட்டுக் காணாமல் போவான். அப்பாவின் ஆபீஸில் ஒருவர் மகள் கல்யாணத்துக்கு வைத்திருந்த பணத்தை அப்படித்தான் விட்டார்.

ஆகவே பதிவுத்துறை தளத்தில் அந்த வீட்டுக்கு வில்லங்கச் சான்று போட்டுப் பார். அடமானம் பதிவாகியிருந்தால் அதில் தெரியும். மூலப்பத்திரம் கையில் இருக்கிறதா, பேங்கில் இருக்கிறதா என்று நேராகவே கேள். வீட்டு வரி ரசீதும் அவர் ஆதாரும் ஒரே பெயரா பார். எல்லாம் சரியாக இருந்து, சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வந்து போக்கியப் பத்திரம் பதிந்து தருகிறேன் என்றால் பேசலாம். பதிவுச் செலவு எதற்கு என்று அவர் இழுத்தால் பேச்சை அங்கேயே விட்டுவிடு. என்னைக் கேட்டால் வாடகையே நல்லது. மாப்பிள்ளை பழைய வரிமுறையில் இருந்தால், ரசீது வாங்கினால் எச்.ஆர்.ஏ. என்ற வீட்டு வாடகைப்படிக்கு வருமானவரிச் சலுகையும் கிடைக்கும். வருஷ வாடகை ஒரு லட்சத்துக்கு மேல் என்பதால் ஓனரின் பான் நம்பர் வேண்டும், தருவாரா என்று இப்போதே கேட்டுவிடு.

ஆடி பிறக்கப் போகிறது என்று அவசரப்படாதே. ஆடியில் யாரும் வீடு மாறமாட்டார்கள், டூ-லெட் போர்டு அப்படியே தொங்கும், ஓனரும் கொஞ்சம் இறங்கி வருவார். பேசி முடித்து வைத்துக்கொண்டு ஆவணியில் பால் காய்ச்சலாம்.

அப்பா இன்னும் எஃப்.டி.யை உடைக்கவில்லை. வில்லங்கத்தில் என்ன வந்தது என்று சனிக்கிழமை போன் பண்ணு. அதற்கப்புறம்தான் பேங்க்குக்குப் போவாராம்.

அன்புடன்,
அம்மா