குழந்தையின் எடை எங்கே எழுதியிருக்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஐப்பசி, கார்த்திகை வந்துவிட்டால் உங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கங்களில் காய்ச்சல் வார்டு நிரம்பிய செய்திகள் வரத் தொடங்கும். படுக்கை போதவில்லை, டாக்டர் போதவில்லை என்று எழுதுகிறீர்கள். எழுத வேண்டியதுதான். ஆனால் குழந்தைகள் வார்டின் வாசலில் இருக்கும் எடைத் தராசு வேலை செய்கிறதா என்று யாரும் எழுதி நான் படித்ததில்லை. 31 ஆண்டுகள் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். அதில் 17 ஆண்டுகள் குழந்தைகள் வார்டில் கழிந்தன. அந்த உரிமையில் ஒன்றே ஒன்று கேட்கிறேன். சேர்க்கப்படும் ஒவ்வொரு குழந்தையையும் அப்போதே எடை போட்டு, கேஸ் ஷீட்டின் தலையிலும் மருந்துச் சார்ட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் அந்த எடையை எழுத வேண்டும். எடை எழுதாத தாளில் மருந்து எழுதக் கூடாது.

இது சின்ன விஷயமாகத் தோன்றும். பெரியவர்கள் வார்டில் 50 கிலோக்காரருக்கும் 80 கிலோக்காரருக்கும் பெரும்பாலும் அதே பாரசிட்டமால் 500 மாத்திரைதான். குழந்தைகள் வார்டில் ஆறாம் பெட்டில் 2.8 கிலோ படுத்திருக்கும், ஏழாம் பெட்டில் 28 கிலோ உட்கார்ந்து பிஸ்கட் சாப்பிடும். மருந்து ஒன்றுதான், குப்பியும் ஒன்றுதான். அளவில் மட்டும் பத்து மடங்கு வித்தியாசம். கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்றுதான் எங்களுக்கு எல்லாமே தொடங்கும். அந்தக் கிலோவே தப்பாக இருந்தால் அதற்குப் பிறகு எவ்வளவு கவனமாகப் பெருக்கி வகுத்தாலும் விடை தப்புதான்.

எடை தெரியாவிட்டால் வயதோடு நாலைக் கூட்டி இரண்டால் பெருக்கு என்று ஒரு பழைய கணக்கு உண்டு. மூன்று வயது என்றால் 14 கிலோ. ஒரு ராத்திரி பதினோரு மணிக்கு மேல், நிமோனியாவோடு மூன்று வயதுப் பெண் குழந்தை ஒன்று வந்தது. தராசின் பேட்டரி தீர்ந்து நாலு நாள் ஆகியிருந்தது. டியூட்டி டாக்டர் அந்தக் கணக்கைப் போட்டு 14 என்று எழுதினார். செஃப்ட்ரியாக்சோன் என்ற கிருமிக்கொல்லி மருந்தைக் கிலோவுக்கு 50 மி.கி. வீதம் 700 மி.கி. போட்டோம். டிரிப்ஸ் மணிக்கு 50 மி.லி. காலையில் புறநோயாளிகள் பிரிவிலிருந்து தராசை வாங்கிவந்து நிறுத்தினேன். 9 கிலோ 400 கிராம். சத்துக் குறைவான குழந்தை. போட்டிருக்க வேண்டிய மருந்து 470 மி.கி., ஏற்றியிருக்க வேண்டிய தண்ணீர் மணிக்கு 39 மி.லி. நுரையீரலில் ஏற்கெனவே சளி கட்டிய பிள்ளைக்கு ராத்திரி முழுக்கத் தேவைக்கு மேல் தண்ணீர் போயிருக்கிறது. நல்லவேளை, பிள்ளை பிழைத்து வீட்டுக்குப் போனது. அந்த டாக்டரையும் நான் குறை சொல்லவில்லை. நன்றாக வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்தக் கணக்கு ஓரளவு ஒத்துவரும். எங்கள் வார்டுக்கு வந்த பிள்ளைகளில் பாதிக்கு ஒத்துவரவில்லை.

இந்த 50, 39 எங்கிருந்து வந்தது என்று வாசகர்கள் கேட்கலாம். 1957-ல் ஹாலிடே, செகர் என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் சொன்ன கணக்கு அது. முதல் 10 கிலோவுக்குக் கிலோவுக்கு 100 மி.லி., அடுத்த 10 கிலோவுக்குக் கிலோவுக்கு 50 மி.லி., அதற்கு மேல் கிலோவுக்கு 20 மி.லி. இது ஒரு நாளைக்கு. 14 கிலோ என்றால் 1000-மும் 200-மும் சேர்த்து 1200 மி.லி. அதை 24-ஆல் வகுத்தால் 50. டெங்கு, கடுமையான வயிற்றுப்போக்கு, சிறுநீரகக் கோளாறு என்றால் இந்தக் கணக்கு அப்படியே நிற்காது, டாக்டர் கூட்டுவார் அல்லது குறைப்பார். ஆனால் அதுவும் எடையில்தான் தொடங்கும். பாட்டிலில் என்ன இருக்கிறது என்பதும் மாறிவிட்டது. என் காலத்தில் பெரும்பாலான பிள்ளைகளுக்கு உப்புக் குறைந்த ஐசோலைட்-பி பாட்டிலைத்தான் தொங்கவிடுவோம். நோயில் கிடக்கும் பிள்ளைக்கு அது ரத்தத்தில் சோடியத்தைக் குறைத்து, மூளை வீங்கி, வலிப்புவரை கொண்டுபோகலாம் என்று பிறகு தெரிந்தது. இரத்தத்துக்குச் சமமான உப்புள்ள திரவமே பெரும்பாலான பிள்ளைகளுக்கு நல்லது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2018-ல் வழிகாட்டுதலே வெளியிட்டது.

சரி, மணிக்கு 50 மி.லி. என்று டாக்டர் எழுதியாகிவிட்டது. டிரிப்ஸைத் தானே அளந்து ஏற்றும் பம்ப் இல்லாத வார்டில் செவிலியர் அதைச் சொட்டாக மாற்ற வேண்டும். தவறு நுழையும் இடம் இது. பாட்டிலிலிருந்து வரும் குழாயைத்தான் செட் என்போம். குழந்தைகளுக்கான மைக்ரோ டிரிப் செட்டில் 60 சொட்டு சேர்ந்தால் 1 மி.லி. ஒரு மணிக்கு 60 நிமிடம் என்பதால் மணிக்கு எத்தனை மில்லியோ நிமிடத்துக்கு அத்தனை சொட்டு. கணக்கே வேண்டாம். 50 மி.லி. என்றால் 50 சொட்டு. பெரியவர்களுக்கான சாதாரண செட்டில் 20 சொட்டுக்கே 1 மி.லி. அதில் 17 சொட்டு விட்டால் போதும். மைக்ரோ செட் தீர்ந்துபோய் அவசரத்துக்குச் சாதாரண செட்டை மாட்டி, கைப்பழக்கத்தில் 50 சொட்டு வைத்துவிட்டால் மணிக்கு 150 மி.லி. ஓடும். அரை லிட்டர் பாட்டில் மூன்று மணி இருபது நிமிடத்தில் காலி. அதனால் நான் பாட்டிலில் ஒட்டும் பிளாஸ்திரியில் மணிக்கு எத்தனை மி.லி., எந்த செட், நிமிடத்துக்கு எத்தனை சொட்டு என்று மூன்றையும் எழுதாமல் நகரமாட்டேன்.

தாய்மார்களும் இதைக் கேட்க வேண்டும். "ஏன் சிஸ்டர் இப்படி மெதுவா விழுது, பாட்டில் முடிஞ்சா வீட்டுக்குப் போயிரலாம்ல" என்று, சொட்டின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கக் குழாயில் இருக்கும் உருளையைத் தள்ளிவிட்ட பாட்டிகளை எத்தனையோ ராத்திரி பார்த்திருக்கிறேன். பாசத்தில் செய்வதுதான். ஆனால் தயவுசெய்து அந்த உருளையைத் தொடாதீர்கள். இதனால்தான் நடுவில் 100 மி.லி. பிடிக்கும் பியூரெட் குடுவை வைத்த செட் குழந்தைகள் வார்டுக்கு அவசியம் என்கிறேன். இரண்டு மணி நேரத்துக்கான அளவை மட்டும் குடுவையில் நிரப்பி மேல்குழாயை அடைத்துவிட்டால், யார் உருளையைத் திறந்தாலும் அதற்கு மேல் ஒரு சொட்டு போகாது.

இப்போது என் சொந்தத் தவறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 1997, நான் குழந்தைகள் வார்டுக்கு வந்து மூன்றாவது மாதம். 3 கிலோ பச்சிளம் பிள்ளைக்கு அமிகாசின் என்ற கிருமிக்கொல்லி ஊசி இரண்டு வேளை. கிலோவுக்கு 7.5 மி.கி. வீதம் வேளைக்கு 22.5 மி.கி. அதுவரை வந்துகொண்டிருந்தது 2 மி.லி.யில் 100 மி.கி. உள்ள சின்னக் குப்பி. அதில் 0.45 மி.லி. எடுத்தால் சரியாக இருக்கும். சார்ட்டிலும் 0.45 மி.லி. என்று மட்டுமே எழுதியிருந்தது. மில்லிகிராமும் இல்லை, எடையும் இல்லை. அன்று மாலை சின்னக் குப்பி இருப்பில் இல்லாமல் ஸ்டோரிலிருந்து 500 மி.கி. குப்பி வந்தது. அதுவும் 2 மி.லி.தான். ஏறக்குறைய அதே உயரம். நான் சார்ட்டைப் பார்த்து 0.45 இழுத்தேன். கிட்டத்தட்ட 112 மி.கி. ஐந்து மடங்கு. அந்த மருந்து அளவு மீறினால் காது போகும், சிறுநீரகம் கெடும்.

கையில் டிரேயோடு தொட்டிலை நோக்கி நடந்தபோது ஹெட் சிஸ்டர் நிறுத்தினார். "எவ்வளவு போடப் போற?"

"0.45 மில்லி, அக்கா."

"நான் மில்லி கேக்கல. எத்தனை மில்லிகிராம்?"

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. குப்பியைக் கேட்டார். கொடுத்தேன். அவர் திட்டவில்லை. சிரிஞ்சை வாங்கிக் கிட்னி டிரேயில் கொட்டிவிட்டு, என்னை உட்காரவைத்து, பிள்ளையின் எடையில் தொடங்கி முழுக் கணக்கையும் என் கையாலேயே எழுதவைத்தார். அன்று ராத்திரி வீட்டுக்குப் போய் நான் சாப்பிடவில்லை.

அதற்குப் பிறகு எனக்குக் கீழே வேலை கற்க வந்த எல்லாப் பிள்ளைகளிடமும் சொல்லிவந்தது இதுதான். முதலில் எடை. அப்புறம் கிலோவுக்கு எத்தனை மில்லிகிராம். அப்புறம் கையில் இருக்கும் இந்தக் குப்பியில் ஒரு மில்லிக்கு எத்தனை மில்லிகிராம். கடைசியாகத்தான் எத்தனை மி.லி. என்ற பேச்சு. அரை என்றால் 0.5 என்று பூஜ்யத்தோடு எழுது, வெறும் .5 என்று எழுதினால் புள்ளி மங்கி 5 ஆகிவிடும். ஐந்து என்றால் 5 போதும், 5.0 என்று எழுதினால் 50 ஆகிவிடும். ஒரு குழந்தையின் ஒரு வேளை ஊசிக்கு இரண்டாவது ஆம்பூலை, அதாவது கண்ணாடி மருந்துக் குப்பியை, உடைக்க வேண்டி வந்தால் கையை நிறுத்திவிட்டு மறுபடி கணக்குப் போடு. செல்போன் கால்குலேட்டர் நன்றாகப் பெருக்கும், ஆனால் உன் கையில் இருப்பது எந்தக் குப்பி என்று அதற்குத் தெரியாது. இரண்டு பேர் சரிபார்ப்பது என்றால், நீ போட்ட விடையைக் காட்டி "சரிதானே அக்கா" என்று கேட்பதல்ல. அவர் தனியாகப் போடட்டும், நீ தனியாகப் போடு, பிறகு இரண்டையும் ஒப்பிடு.

இதெல்லாம் நடக்க நேரம் வேண்டும். ராத்திரியில் நாற்பது பிள்ளைகளுக்கு ஒரு செவிலியராக நான் நின்றிருக்கிறேன். மருந்து இழுக்கும் நேரத்தில் ஒரு தாய் பால் பவுடர் கேட்பார், ஒருவர் போனை நீட்டுவார், அட்டெண்டர் கையெழுத்துக்கு நிற்பார். மருந்து கலக்கும் மேசைக்கு ஒரு தடுப்பும், அங்கே நிற்பவரிடம் யாரும் பேசக் கூடாது என்ற விதியும் வேண்டும். இதற்குப் பெரிய செலவில்லை.

எடை போடுவதிலும் பக்குவம் உண்டு. பிறந்த குழந்தையைக் கம்பளித் துணியோடு நிறுத்தினால் துணியே 300, 400 கிராம் இருக்கும். 3 கிலோப் பிள்ளைக்கு அது பெரிய தப்பு. நனைந்த நாப்கின், கை அசையாமலிருக்கக் கட்டிய ஸ்பிளிண்ட், தாத்தா போட்ட வெள்ளித் தண்டை எல்லாவற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். தராசில் நிற்காத பிள்ளையைத் தாய் தூக்கிக்கொண்டு நின்று, பிறகு தாய் மட்டும் நின்று, இரண்டையும் கழித்தால் போதும். ஒரு வாரத்துக்கு மேல் வார்டில் இருக்கும் பிள்ளைக்கு மறுபடி எடை போட வேண்டும், பச்சிளம் குழந்தைக்குத் தினமும்.

வீட்டில் கொடுக்கும் மருந்துக்கும் இதே பேச்சுதான். பாரசிட்டமால் 5 மி.லி.யில் 125 மி.கி. என்று ஒரு சிரப், 250 மி.கி. என்று இன்னொன்று, ஒரு மில்லியிலேயே 100 மி.கி. உள்ள சொட்டு மருந்து என்று கடையில் மூன்று விதமாகக் கிடைக்கிறது. 10 கிலோப் பிள்ளைக்கு டாக்டர் 150 மி.கி. சொல்லியிருந்தால் முதல் சிரப்பில் அது 6 மி.லி., இரண்டாவதில் 3 மி.லி., சொட்டு மருந்தில் ஒன்றரை மி.லி. போன தடவை 6 மி.லி. கொடுத்த ஞாபகத்தில் சொட்டு மருந்தையும் 6 மி.லி. கொடுத்துவிட்டு ஓடிவந்த தகப்பனை எனக்குத் தெரியும். அது நாலு மடங்கு. சமையல் கரண்டியில் ஊற்றாதீர்கள், மருந்தோடு வரும் மூடியிலோ சிரிஞ்சிலோ அளந்து கொடுங்கள். பாட்டில் மாறினால் அளவையும் டாக்டரிடம் மறுபடி கேளுங்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2025-ல் செப்டம்பர் 17-ஆம் தேதி நோயாளி பாதுகாப்பு நாளைப் பச்சிளம் குழந்தைகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் என்றே ஒதுக்கியது. அதைச் சொல்லியாவது சுகாதாரத் துறையிடம் கேட்கிறேன். கேஸ் ஷீட் அச்சடிக்கும்போது மேல் மூலையில் எடைக்கு ஒரு பெரிய கட்டம் போடுங்கள். ஒவ்வொரு குழந்தைகள் வார்டுக்கும் இரண்டு தராசும், உபரி பேட்டரியும் கொடுங்கள். ஆய்வுக்கு வரும் அதிகாரிகள் தரை பளபளப்பைப் பார்ப்பதோடு ஏதாவது ஐந்து கேஸ் ஷீட்டை எடுத்து எடை எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

பெற்றோர்களே, பிள்ளையைச் சேர்த்ததும் "சிஸ்டர், எம்புள்ள எத்தனை கிலோ? எழுதிட்டீங்களா?" என்று கேளுங்கள். முகம் சுளித்தாலும் பரவாயில்லை, மறுபடி கேளுங்கள். என் பெயரை வெளியிட வேண்டாம் என்று ஆசிரியரைக் கேட்டுக்கொள்கிறேன். 1997-ல் தொட்டிலில் இருந்த பிள்ளையின் வீட்டார் எங்கள் ஊரில்தான் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற செவிலியர்,
விருதுநகர் மாவட்டம்