வெட்டப்பட்ட ஓரத்தில் இருந்த ஒரு வரி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் வெனிஸ் நகரைப் பற்றிய கட்டுரையோடு வெனிஸ் ஓவியர் கனலெத்தோ வரைந்த படம் ஒன்றையும் வெளியிட்டிருந்தீர்கள். இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முந்தைய படைப்பு ஒன்றுக்குக் கால் பக்கம் ஒதுக்கியதற்கு முதலில் என் நன்றி. ஆனால், பக்கத்தில் பொருந்த வேண்டும் என்பதற்காகப் படத்தின் ஓரத்தை வெட்டிவிட்டு, அதன் கீழே ‘புனித மாற்கு பேராலயத்தின் உட்புறம், எண்ணெய் வண்ண ஓவியம்’ என்று குறிப்பும் எழுதியிருந்தீர்கள். பல ஆண்டுகள் பள்ளியில் ஓவியம் கற்பித்தவன் நான். இதைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருக்க மனம் வரவில்லை. அந்தப் படம் எதைப் பற்றியது என்பதை ஓவியரே தம் கையால் எழுதி வைத்த வரி, வெட்டுப்பட்ட அந்த ஓரத்தில்தான் இருந்தது.

வெனிஸ் வட்டார வழக்கில், அவருக்கே உரிய எழுத்துப் பிழைகளோடு அமைந்த ஒற்றை வாக்கியம் அது. தமிழில் சொன்னால் ஏறக்குறைய இப்படி வரும்: ‘ஜுவானே அந்தோனியோ தா கனால் ஆகிய நான், வெனிஸில் உள்ள புனித மாற்கு டோஜே ஆலயத்தில் பாடும் இசைக் கலைஞர்களின் இந்தப் படத்தை, 68 வயதில், மூக்குக் கண்ணாடி இல்லாமல், 1766ஆம் ஆண்டில் வரைந்தேன்.’ ஜுவானே அந்தோனியோ தா கனால் என்பது கனலெத்தோவின் இயற்பெயர். டோஜே என்பவர் வெனிஸ் குடியரசின் தலைவர்.

ஆலயத்தின் உட்புறத்தை வரைந்தேன் என்று அவர் எழுதவில்லை. பாடுகிறவர்களை வரைந்தேன் என்றுதான் எழுதினார். வாழ்நாளெல்லாம் கால்வாய்களையும் சதுக்கங்களையும் மாளிகை முகப்புகளையும் வரைந்து பெயர் பெற்றவர் அவர். அந்தப் படங்களில் மனிதர்கள் பெரும்பாலும் தூரிகை நுனியால் தொட்டுவைத்த பொட்டுகளாகவே தெரிவார்கள். இந்தப் படத்திலோ, தூண்கள் தாங்கும் உயர்ந்த பன்முக மேடையில் பாடகர்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்க, அவர்களுடைய தலைகளெல்லாம் ஒரே பெரிய இசை ஏட்டை நோக்கிக் குவிந்திருக்கின்றன. கீழே சிலர் நிற்கிறார்கள், சிலர் முழந்தாளிட்டிருக்கிறார்கள். மேலே எழும் வளைவுகளும் விதானமும் எவ்வளவு பெரியவையாக இருந்தாலும், பார்க்கிற கண் மீண்டும் மீண்டும் அந்த மேடைக்கே வந்து சேர்கிறது. புதிதாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட டோஜேயை மக்களுக்குக் காட்டியதும் அதே மேடையிலிருந்துதான். ஆட்சித் தலைவர் நின்ற இடத்தில் பாடகர்களையும் நிற்கவைத்த ஊர் அது.

‘டோஜே ஆலயம்’ என்று அவர் எழுதியதையும் தாங்கள் ‘பேராலயம்’ என்று மாற்றியிருக்கக் கூடாது. 1766இல் அது ஆயர் பீடம் அமைந்த பேராலயம் அன்று. டோஜேயின் சொந்த ஆலயமாக, குடியரசின் நிர்வாகத்தில் இருந்தது. அந்நாளில் வெனிஸின் பேராலயம் நகரின் கிழக்குக் கோடியில் இருந்த புனித பேதுரு ஆலயமே. 1797இல் குடியரசு வீழ்ந்து பத்து ஆண்டுகள் கழித்து, 1807இல்தான் மாற்கு ஆலயத்துக்கு அந்தத் தகுதி வந்தது. இதை வெறும் பெயர் விவகாரமாக நான் கருதவில்லை. மேடையில் நிற்கும் அந்தப் பாடகர்களுக்கு ஊதியம் கொடுத்து வேலைக்கு வைத்திருந்தவர்கள் ஆலயத்தை நிர்வகித்த அரசு அதிகாரிகள்தாம். இசையமைப்பாளர்களான வில்லார்ட்டை 1527இலும் மாண்டெவெர்டியை 1613இலும் இசைத் தலைமைக்கு அமர்த்தியவர்களும் அவர்களே. படம் வரையப்பட்ட ஆண்டில் அந்தப் பதவியில் இருந்தவர் இசையமைப்பாளர் கலுப்பி. ஆனால் ரஷ்யப் பேரரசி கேதரின் அழைப்பை ஏற்று அப்போது அவர் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் போயிருந்தார். இசைத் தலைவர் ஊரில் இல்லாத காலத்திலும் தடைபடாமல் நடந்த பாட்டைத்தான் கனலெத்தோ வரைந்திருக்கிறார்.

அடுத்து, அது எண்ணெய் வண்ண ஓவியமே அன்று. காகிதத்தில் பேனாவால் கோடிட்டு, மேலே நீர்த்த மையைப் பூசிய கோட்டோவியம். பள்ளிப் பிள்ளைகளின் ஓவிய நோட்டுத் தாளை விடப் பெரிதில்லை. ‘கண்ணாடி இல்லாமல்’ என்று அவர் எழுதிய சொற்களின் எடை, இதைத் தெரிந்துகொண்டால்தான் விளங்கும். எண்ணெய் வண்ணத்தில் தவறு நேர்ந்தால் காய்ந்த பிறகு மேலே பூசித் திருத்திக்கொள்ளலாம். பேனா மை அப்படி விடாது. அந்தச் சிறிய தாளில், ஒன்றன் பின் ஒன்றாக உள்வாங்கும் வளைவுகளையும், நெல்மணி அளவே உள்ள முகங்களையும் அறுபத்தெட்டு வயதுக் கை இழுத்திருக்கிறது. என்னிடமுள்ள அச்சுப் பிரதியை லென்ஸ் வைத்துப் பார்த்தால், அவருக்கே உரிய அந்த நெளிவான, விட்டுவிட்டுப் போகும் கோடு அப்போதும் உயிரோடு ஓடுவது தெரிகிறது. ஓவியர் அதில் பெருமைப்பட்டிருக்கிறார். பெருமைப்பட்டதை எழுதியும் வைத்திருக்கிறார். அதற்குப் பின் அவர் வாழ்ந்தது ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளே. 1768 ஏப்ரலில் காலமானார்.

மூலப் படம் ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரின் கலைக்கூடத்தில் இருக்கிறது. நம் வாசகர்களில் மிகப் பெரும்பாலோர் அதை நேரில் பார்க்கப் போவதில்லை. தங்கள் நாளிதழில் வந்ததே அவர்கள் பார்க்கும் படம். ஆகவே, வரும் இணைப்புகளில் ஒன்றில் அதை ஓரம் வெட்டாமல், கீழே அந்த வாக்கியத்தின் தமிழாக்கத்தோடு மறுபடியும் வெளியிட வேண்டுகிறேன். இடம் போதாவிட்டால் முழுப் படத்தையும் சிறிதாக்கி அச்சிடுங்கள். குறிப்பில் ‘மாற்கு ஆலயத்தில் பாடும் இசைக் கலைஞர்கள், கோட்டோவியம், 1766’ என்று போட்டால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர்,
கும்பகோணம்