ஒற்றைப் பல்லை நம்பி நிற்கும் பெயர்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் சிறுவர் பகுதியில், டைனோசர்களிலேயே அறிவில் சிறந்தது ட்ரூடான் என்று வந்த குறிப்பைப் படித்தேன். அறிவைப் பற்றிய பேச்சு ஒருபுறம் இருக்கட்டும். அந்தப் பெயரே ஐயத்திற்குரியது என்று ஆய்வாளர் பலர் கருதுவதைப் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

அமெரிக்கப் புவியியலாளர் ஃபெர்டினாண்ட் ஹேடன் 1855-இல், இன்றைய மான்டானா மாநிலத்தின் ஜூடித் ஆற்றுப் பகுதியில் சேகரித்த புதைபடிவங்களுள் சிறு பல் ஒன்று இருந்தது. புதைபடிவ ஆய்வாளர் ஜோசப் லெய்டி அதை ஒரு பல்லியினுடையது என்றெண்ணி 1856-இல் ட்ரூடான் ஃபார்மோசஸ் என்று பெயரிட்டார். பக்கவாட்டில் தட்டையாகிப் பின்னோக்கி வளைந்த அந்தப் பல்லின் விளிம்பில், நுனியை நோக்கிக் கொக்கிபோல் வளைந்த, ரம்பத்தின் பற்களைப் போன்ற பெரிய முனைகள் உண்டு. அந்த ஒரு பல்லை நம்பிய பெயர் பட்ட பாடு கொஞ்சமல்ல. 1924-இல் சார்லஸ் கில்மோர் அதைத் தடித்த மண்டையோடுடைய தாவர உண்ணி டைனோசரோடு சேர்த்தார். 1987-இல் பிலிப் கரி, ஆல்பர்ட்டாவிலிருந்து 1932-இல் விவரிக்கப்பட்ட ஸ்டெனோனிகோசாரஸ் என்னும் டைனோசரையும் ட்ரூடான் என்ற பெயருக்குள் அடக்கினார். 2017-இல் வெளிவந்த ஆய்வுகள் மீண்டும் இரண்டையும் பிரித்தன. நெருங்கிய உறவுடைய பல இனங்களுக்குப் பற்கள் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருப்பதால், எந்த எலும்புக்கூட்டை அந்தப் பல்லோடு பொருத்துவது என்பதே சிக்கல். குறிப்பில் புகழப்பட்ட பெரிய மூளையும், 1969-இல் டேல் ரஸ்ஸல் விவரித்த ஸ்டெனோனிகோசாரஸின் மண்டையோட்டைக் கொண்டு பேசப்பட்டதேயன்றி, லெய்டியின் பல்லிலிருந்து வந்ததன்று.

அரியலூரில் ஆசிரியராக இருக்கும் எனக்கு இதில் தனி அக்கறை உண்டு. சுண்ணாம்புக்கல் சுரங்க மேடுகளில் பொறுக்கிய அம்மோனைட்டுகளை, அதாவது அழிந்துபோன கடலுயிர்களின் சுருள் ஓட்டுப் புதைபடிவங்களை, கைக்குட்டையில் முடிந்துகொண்டு வந்து, "இது என்ன, ஐயா?" என்று கேட்கும் மாணவர்கள் என் வகுப்பில் இருக்கிறார்கள். எங்கள் மாவட்டத்துக் கல்லமேடு பாறைப் படிவிலிருந்தும் ட்ரூடானும் அதன் உறவினங்களும் அடங்கிய ட்ரூடான்டிட் குடும்பத்துப் பல் ஒன்று கிடைத்து, 2013-இல் விவரிக்கப்பட்டது. அதுவரை வடபாதிக் கண்டங்களில் மட்டுமே வாழ்ந்ததாக எண்ணப்பட்ட குடும்பம் அது. ஆயினும் அதை ஆராய்ந்தவர்கள் புதிய பேரினப் பெயர் எதையும் சூட்டாமல், குடும்பத்தைச் சுட்டுவதோடு நின்றுகொண்டார்கள். ஒரு பல் தாங்கக்கூடிய அளவுக்கே பேசிய அந்த அடக்கத்தை நான் பெரிதும் மதிக்கிறேன்.

ஆகவே, சிறுவர் பகுதியில் ஒரு திருத்தம் வெளியிட்டு, கல்லமேட்டுப் பல்லின் படத்தையும் அதன் உண்மையான அளவையும் அதனுடன் அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அறிவியல் ஆசிரியர் ஒருவர்,
அரியலூர்.